குழந்தை தூங்கினால் நின்றுபோகும் வைஃபை

பெங்களூரில் வீட்டு இணைய இணைப்புகளைப் பழுது பார்க்கும் வேலைக்கு வந்து எனக்கு ஒன்பது வருடம் ஆகிறது. ஒரு நாளைக்கு எட்டு வீடு, சில நாள் பத்து. பெரும்பாலான வீடுகள் அன்று சாயங்காலமே மறந்துவிடும். விவேக் நகரில் ஒரு குறுக்குத் தெருவின் இரண்டாவது மாடி வீடு மட்டும் மறக்கவில்லை. அந்த வீட்டு விஷயத்தில் நான் முதலில் ஒரு தவறு செய்தேன்.

அங்கிருந்து ஆப் வழியாகப் புகார் வந்திருந்தது. வீடியோ கால் அடிக்கடி நின்றுபோகிறது என்று ஒரே வரி. எங்கள் கம்பெனி வழக்கப்படி, புகார் வந்ததும் அலுவலகத்திலிருந்து வாடிக்கையாளருக்குப் போன் செய்வார்கள். மூன்று தடவை எடுக்காவிட்டால் புகார் தானாகவே மூடிவிடும். அந்த வீட்டுப் புகார் இரண்டு முறை அப்படி மூடியிருந்தது. மூன்றாவது முறை வந்தபோது டீம் லீடர் என்னை நேரில் போகச் சொன்னார்.

போனேன். காலிங் பெல்லை அமுக்கினேன். உள்ளே சத்தமே இல்லை. பெல் ரிப்பேர் போலிருக்கிறது என்று கதவைத் தட்டினேன். போன் செய்தேன், உள்ளே மணி அடிப்பதும் கேட்கவில்லை. ஐந்து நிமிடம் நின்றிருப்பேன். அடுத்த வீடு காத்திருந்தது. 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று பதிந்து புகாரை மூடிவிட்டுக் கீழே இறங்கி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

நான்கு நாள் கழித்து அதே வீட்டிலிருந்து மறுபடியும் புகார் வந்தது.

"இவங்க போன் எடுக்கவே மாட்டாங்க, கம்ப்ளெய்ண்ட் மட்டும் கரெக்டா போடுவாங்க. இந்த வாட்டி ஆளப் பாக்காம வராத" என்றார் டீம் லீடர்.

இந்த முறை கீழ்வீட்டு அம்மா வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வீட்டுச் சொந்தக்காரர். என் சட்டையில் இருந்த கம்பெனி அட்டையைப் பார்த்ததும் கேட்டார்.

"மேலயா? போன வாட்டியும் நீதானே வந்தே?"

"ஆமாங்கம்மா. கதவே தெறக்கல."

"அவ்ரிகே கிவி கேள்சல்லப்பா" என்று கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு மாறினார். "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் காது கேக்காது. பெல்ல அமுக்கிட்டு நில்லு. உள்ள லைட் எரியும், பாத்துட்டு வருவாங்க."

படியேறும்போதுதான் எனக்கு உறைத்தது. காது கேட்காதவர்களுக்கு நாங்கள் மூன்று மூன்று தடவையாகப் போன் அடித்து, எடுக்கவில்லை என்று புகாரை மூடியிருக்கிறோம்.

பெல்லை அமுக்கிவிட்டுக் காத்திருந்தேன். ஒரு நிமிடத்துக்குள் கதவு திறந்தது. முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், இடுப்பில் ஏழெட்டு மாதக் குழந்தை. என் அட்டையைப் பார்த்ததும் உள்ளே வரச் சொல்லிக் கையசைத்தார். கைபேசியில் தமிழில் தட்டச்சு செய்து என்னிடம் நீட்டினார். 'வீடியோ நிக்குது. அக்கா சேலத்தில இருக்காங்க. அவங்களுக்கும் காது கேக்காது. பேச முடியல.'

நானும் என் கைபேசியை எடுத்தேன். அன்று காலை முழுக்க எங்கள் பேச்சு அந்த இரண்டு கைபேசிகளில்தான் நடந்தது.

ரவுட்டர் கூடத்தில் டி.வி. அலமாரிக்குள் இருந்தது. ஃபைபர் கேபிளைச் சோதித்தேன், ஒளி சரியான அளவில் வந்தது. வேகத்தை அளந்தேன், வாங்கிய திட்டத்துக்கு ஏற்ற வேகம். கூடம், படுக்கையறை, சமையலறை என்று நடந்து நடந்து பார்த்தேன். சமையலறையில் சிக்னல் கொஞ்சம் குறைவு, ஆனாலும் வீடியோவுக்குப் போதும். வேறு ஒரு குறையும் தென்படவில்லை. 'எல்லாம் சரியா இருக்குங்க. உங்க போனுக்கு ஒரு ஓ.டி.பி. வரும், அதைக் காட்டினா முடிச்சிடலாம்' என்று எழுதிக் காட்டினேன்.

அவர் காட்டவில்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஒற்றைக் கையால் நிதானமாக எழுதினார். 'இப்ப நல்லா இருக்கும். குழந்தை தூங்கினதும் நிக்கும். தினமும் அப்படித்தான். தூங்கிற வரைக்கும் இருப்பீங்களா?'

அதைப் படித்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. குழந்தை தூங்குவதற்கும் வைஃபைக்கும் என்ன சம்பந்தம்? இன்னும் ஐந்து வீடு பாக்கி இருந்தது. ஆனால் நான்காவது முறையாகவும் இந்தப் புகாரை மூடிவிட்டுப் போக மனசு வரவில்லை. 'இருக்கேன்' என்று எழுதினேன்.

அவர் குழந்தையை உள்ளே தூக்கிப்போனார். நான் கூடத்தில் உட்கார்ந்து அடுத்த வீட்டுக்காரர்களுக்குத் தாமதமாகும் என்று போன் செய்து திட்டு வாங்கினேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவர் வெளியே வந்து விரலை உதட்டில் வைத்து, தூங்கிவிட்டான் என்று சாடை காட்டினார். சமையலறைக்குப் போய், ஜன்னல் வெளிச்சம் முகத்திலும் கையிலும் விழும்படி மேடையில் கைபேசியைச் சாய்த்து வைத்து அக்காவை அழைத்தார்.

திரையில் அவரைப் போலவே இன்னொரு பெண். இருவர் கைகளும் எவ்வளவு வேகமாகப் பேசின! ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. அசைந்தது, மறுபடி நின்றது. பிறகு முகமே கட்டம் கட்டமாக உடைந்தது.

வீடியோ நின்றுபோவதை நான் ஆயிரம் முறையாவது பார்த்திருப்பேன். எங்களுக்கு அது ஒரு சின்னப் புகார். படம் நின்றாலும் குரல் வரும், குரல் விட்டு விட்டு வந்தாலும் மிச்சத்தை ஊகித்துக்கொள்ளலாம். இங்கே படம் நின்றால் பேச்சே நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பார்த்துக்கொள், நான் பொய் சொல்லவில்லை என்பது போல இருந்தது.

என் கைபேசியில் சோதித்தேன். அரை மணி நேரம் முன்பு அதே இடத்தில் நன்றாக இருந்த வைஃபை இப்போது திணறிக்கொண்டிருந்தது. ரவுட்டருக்கு நேராகக் கேபிள் போட்டு லேப்டாப்பில் பார்த்தால் வேகம் குறையவே இல்லை. அப்படியானால் கோளாறு வீட்டுக்கு வரும் இணைப்பில் இல்லை, வீட்டுக்குள் காற்றில் இருக்கிறது. ஏதோ ஒன்று வைஃபையின் மேல் ஏறிக் கத்துகிறது. ஃபிரிட்ஜை நிறுத்தினேன். டி.வி.யை நிறுத்தினேன். ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று இருந்தது, அதையும் நிறுத்தினேன். ஒன்றும் மாறவில்லை.

கடைசியில் அவரிடமே கேட்டேன். 'குழந்தை தூங்கினதும் வீட்டில வழக்கமா எதை ஆன் பண்ணுவீங்க?'

படித்துவிட்டுச் சற்று யோசித்தார். பிறகு அவர் கை தானாக இடுப்புக்குப் போனது. சின்ன ரேடியோ போன்ற ஒரு பெட்டியை அங்கே செருகியிருந்தார். தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கேமரா, இடுப்பில் இந்தப் பெட்டி. குழந்தை அழுதால் பெட்டி அதிரும். அழுகை அவருக்குத் தெரிவது அப்படித்தான்.

பெட்டியை வாங்கிப் பார்த்தேன். வைஃபை பயன்படுத்தும் அதே அலைவரிசையில்தான் அதுவும் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டில் பக்கம் போய் அவரே கேமராவை அணைத்தார். திரையில் அக்காவின் கை நகர்ந்தது. மறுபடி போட்டார். கை நின்றது. மூன்று முறை செய்து பார்த்தோம்.

காரணம் கிடைத்த சந்தோஷத்தில் நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவர் முகம் வாடியிருந்தது. 'இதை அணைச்சா அவன் அழறது எனக்குத் தெரியாது' என்று எழுதினார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு வரி. 'அவன் தூங்கினாதான் என் ரெண்டு கையும் சும்மா இருக்கும். அப்பதான் அக்காகிட்ட பேச முடியும்.'

குழந்தை விழித்திருக்கும்போது வைஃபை இருந்தது, கை இல்லை. கை கிடைக்கும்போது வைஃபை இல்லை. கணவர் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். பகலெல்லாம் அந்தப் பெண்ணுக்கு அவர் மொழியில் பேச இருந்த ஒரே ஆள் அக்காதான். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் என்ன மருந்து, எவ்வளவு என்று அக்காவிடம் கேட்கப் போய், ஒவ்வொரு கேள்வியையும் நாலு தடவை கேட்க வேண்டியிருந்ததாம்.

'ரெண்டும் வேலை செய்யும். கொஞ்சம் டைம் குடுங்க' என்று எழுதினேன்.

அந்த ரவுட்டரில் இரண்டு அலைவரிசைகள் உண்டு. ஒன்று தூரம் போகும், ஆனால் எல்லாக் கருவிகளும் மோதும் நெரிசலான சாலை. அந்தக் கேமராவும் அதில்தான் போய்க்கொண்டிருந்தது. இன்னொன்று காலியான சாலை, ஆனால் சுவர்களைத் தாண்டினால் பலம் போய்விடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்ததால் அவர் கைபேசி நெரிசலானதையே பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டையும் பிரித்துத் தனித்தனிப் பெயர் கொடுத்தேன். அவர் கைபேசியை இரண்டாவதில் சேர்த்தேன். அது சமையலறைக்குச் சரியாக எட்டவில்லை. ரவுட்டரை அலமாரியிலிருந்து எடுத்து, பையிலிருந்த நீளமான கேபிளைப் போட்டு, சமையலறைக்கு நேர் எதிரே நடைவழியின் சுவரில் உயரமாக மாட்டினேன். துளை போடும் சத்தத்துக்குக் குழந்தை எழுந்துவிட்டான். பெட்டி அவர் இடுப்பில் அதிர்ந்ததை நான் பார்த்தேன்.

குழந்தையைத் தட்டி மறுபடி தூங்கவைத்தார். கேமராவைப் போட்டார். அக்காவை அழைத்தார். அவர்கள் பேசினார்கள், பத்து நிமிடத்துக்கு மேல். படம் ஒருமுறைகூட நிற்கவில்லை. நடுவில் அக்கா எதையோ கேட்க, இவர் என்னைச் சுட்டிக்காட்டினார். அக்கா கேமராவுக்குக் கிட்டே வந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

அந்தக் கும்பிடுக்குப் பிறகு மறைத்துக்கொண்டு போக முடியவில்லை. எழுதிக் காட்டினேன். 'போன வாரம் வந்து, வீட்டில ஆள் இல்லைன்னு மூடிட்டுப் போனது நான்தான். மன்னிச்சிடுங்க.'

அவர் படித்தார். 'தெரியும்' என்று எழுதினார். 'பின்னாடி துணி துவைச்சிட்டு இருந்தேன். அங்க பெல் லைட் இல்ல. வந்து ஜன்னல்ல பாத்தேன், நீங்க வண்டி எடுத்துட்டீங்க. கத்திக் கூப்பிட்டேன். உங்களுக்குக் கேக்கல.'

நான் படித்து முடித்ததும் அவர் சிரித்துவிட்டு ஓ.டி.பி.யைக் காட்டினார்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் டீம் லீடரிடம் முழுவதையும் சொன்னேன். பாதியில் அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஐயோ பாவம்பா. ஆனா நம்ம சாஃப்ட்வேர்ல அதுக்கு எடமே இல்லையே. கால் பண்ணணும், இல்லனா க்ளோஸ். அவ்ளோதான்."

"அட்ரஸ்ல எழுதலாமா சார்? வீட்டு நம்பருக்கு முன்னாடி?"

யோசித்தார். அவரே கணினியை இழுத்து, முகவரியின் தொடக்கத்தில் 'போன் செய்ய வேண்டாம், மெசேஜ் மட்டும், பெல் அமுக்கிக் காத்திருக்கவும்' என்று ஆங்கிலத்தில் அடித்தார். முகவரி மாதிரியே இல்லை. ஆனால் யார் திறந்தாலும் முதலில் கண்ணில் படும். மேலிடத்துக்கும் ஒரு மெயில் போட்டார். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் கணவரிடமிருந்து மெசேஜ் வந்தது. பொம்மசந்திராவில் அவருடன் வேலை செய்யும் ஆறு பேர் ஓர் அறையில் தங்கியிருக்கிறார்கள், ஆறு பேருக்குமே காது கேட்காது, நெட் போய் மூன்று வாரம் ஆகிறது, வர முடியுமா என்று கேட்டிருந்தார். என் ஏரியா இல்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன்.

பத்து நிமிட வேலைகூட இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஃபைபர் கேபிள் நசுங்கி மடங்கியிருந்தது. புது கனெக்டர் போட்டதும் ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. ஆறு பேரும் கைகளை உயர்த்தி ஆட்டினார்கள். அது அவர்களுடைய கைதட்டல் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அவர்களில் இளையவர் உடனே கிருஷ்ணகிரியில் இருக்கும் தன் அம்மாவை வீடியோவில் அழைத்தார். அம்மாவுக்குக் காது கேட்கும். வாயும் கையும் சேர்ந்து ஓடின. அந்தக் கை பேசியது மற்ற ஐந்து பேர் பேசியது மாதிரி இல்லை. நான் கவனிப்பதைப் பார்த்து அவர் கைபேசியில் எழுதிக் காட்டினார்.

'அம்மாவுக்கு சைகை மொழி தெரியாது. இது நான் சின்னப் பையனா இருந்தப்ப நாங்க ரெண்டு பேரும் உண்டாக்கிக்கிட்டது. வேற யாருக்கும் புரியாது.'

மூன்று வாரமாகப் பேசாத பேச்சு நிறைய இருந்தது. அம்மா சாப்பிட்டாயா என்று கேட்பது மட்டும் எனக்கும் புரிந்தது. ஜன்னலுக்கு முன்னால் நின்று வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருந்தேன். நகர்ந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.