அவளே வேண்டாம் என்கிறாள்

என் மகன் தன் மகளை ஒரு முறைகூட அடித்ததில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம், அவர்கள் கேட்காமலேயே, இதைச் சொல்வான். குரலை உயர்த்துவதும் கிடையாதாம். உண்மைதான். அவன் எதிரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசினால் நமக்குத் தூக்கம் வந்துவிடும். அந்தத் தணிந்த குரலில்தான் ஒரு மாலை, எட்டு வயதுப் பேத்தியை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, எதிர்வீட்டுக்கு இனிமேல் போக வேண்டாம் என்று சொன்னான்.

பிள்ளையார்பாளையத்தில் எதிர்வீடு என்பது நம் வீட்டின் இன்னொரு அறை மாதிரி. இங்கே தும்மினால் அங்கே கேட்கும். காலையில் தெருவில் யாராவது தறிக்குப் பாவு நூல் நீட்டிவிட்டால் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓரமாகத்தான் போக முடியும். அந்த வீட்டுக்காரர் ஜரிகை வியாபாரி, முஸ்லிம். அவருடைய மகளும் என் பேத்தியும் ஒரே வகுப்பு, ஒரே ஆட்டோ. பள்ளி விட்டு வந்ததும் பையை எங்கள் கூடத்தில் எறிந்துவிட்டு இவள் அங்கே ஓடுவாள். அங்கே ஒரு கேரம் போர்டு இருந்தது. பள்ளியில் நடக்கவிருந்த போட்டிக்கு இரண்டு பேரும் ஜோடியாகப் பெயர் கொடுத்திருந்தார்கள்.

"அங்க போவாதமா. போனா அப்பாவுக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கும்."

"ஏன்பா?"

"சும்மாதான்மா. அப்பா சொன்னா நீ கேப்ப இல்ல?"

அவ்வளவுதான். அடி இல்லை, மிரட்டல் இல்லை, லஞ்சமாக ஒரு சாக்லேட்கூட இல்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள்.

அவள் போனதும் காரணம் கேட்டேன். "காலம் சரியில்லபா," என்றான். அந்த வீட்டார் உனக்கு என்ன செய்தார்கள் என்றேன். ஒன்றும் செய்யவில்லையாம். நல்ல மனிதர்கள்தானாம். இதைக் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். காலம் அதற்குள் இருந்துதான் கெட்டுப்போகிறது போலும்.

எனக்கு அப்போது எரிச்சல்தான், கவலை இல்லை. குழந்தை எப்படியும் திருட்டுத்தனமாகப் போய் ஆடிவிட்டு வருவாள் என்று நம்பினேன். என் உத்தியோக அனுபவத்தை வைத்துக்கொண்டு நான் அப்படி நம்பியிருக்கக் கூடாது.

அரசு அலுவலகத்தில் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளிலேயே ஊறிக் கிடந்தவன் நான். சின்னக் குற்றத்துக்கு விதி பதினேழு ஏ, பெரிய குற்றத்துக்கு விதி பதினேழு பி. பி வாங்கியவன் கோர்ட்டு வரைக்கும் போவான். தான் செய்தது சரி என்று ஓய்வு பெறுகிற அன்றும் சொல்வான். சம்பள உயர்வை நிறுத்தினால், நிறுத்தியவனின் பரம்பரையைத் திட்டிக்கொண்டே மறுபடியும் அதையே செய்வான். ஆனால் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, டீ வரவழைத்துக் கொடுத்து, "அந்த விஷயத்துல நீங்க தலையிட வேணாமே" என்று சொல்லி அனுப்பினால் கதை வேறு. மெமோ இல்லை, ஆகவே மேல்முறையீடும் இல்லை. கொஞ்ச நாளில் அவரே வந்து, "அதுல ஒண்ணுமே இல்ல சார், வெட்டி வேலை" என்பார். பயந்து விட்டுவிட்டோம் என்று அவரால் நினைக்க முடியாது, யாரும் பயமுறுத்தவில்லையே. பிறகு ஏன் விட்டார்? அந்த விஷயமே சரியில்லை, அதனால் விட்டார். தனக்குத்தானே போட்டுக்கொண்ட உத்தரவு அது. ரத்து செய்ய எந்த அதிகாரிக்கும் அதிகாரம் கிடையாது.

பேத்தி முதலில் சில நாள் கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்வீட்டிலிருந்து குரல் வரும்: "ஏய், வரியா?" இவள், "ஹோம்வொர்க் இருக்குது" என்பாள். அப்புறம் கதவருகே போவதும் நின்றது. ஏன் போகவில்லை என்று கேட்டேன். அப்பா வேண்டாம் என்றார் என்று சொல்வாள், உடனே கையைப் பிடித்து அழைத்துப் போகலாம் என்று தயாராக இருந்தேன்.

"அந்த போர்டு மொக்கை தாத்தா. ஒரு பாக்கெட்டு கிழிஞ்சிக்கினு இருக்குது."

இன்னொரு நாள், "அவ ஏமாத்துவா தாத்தா." அடுத்த முறை கேட்டபோது மூக்கைச் சுளித்தாள். "அவங்க வீட்ல ஒரு மாதிரி ஸ்மெல் வருது."

அந்த வீட்டில் வருவது சாம்பிராணி வாசனை. எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை அதுதான் வரும். இதில் ஒரு சொல்கூட அவள் அப்பன் சொல்லிக் கொடுத்ததில்லை. அவன் சொல்லியிருந்தால் அவனோடு சண்டை போட்டு முடித்திருப்பேன். அவன் காரணம் சொல்லாமல் காலியாக விட்ட இடத்தை நிரப்ப இந்தக் குழந்தை தானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தயாரித்திருக்கிறாள்.

மகனிடம் போனேன். அவனுக்கு ஒரே பெருமை.

"நான் திட்டினேனா? அவளே வேணாங்கிறா பா. அவளுக்கே புரியுது."

"நாலு அடி போட்டிருந்தீனா அவ இன்னிக்கு ஒழுங்கா இருந்திருப்பாடா."

"என்னா பேசறீங்க நீங்க? இந்தக் காலத்துல போய்..."

போட்டி நெருங்கியபோது எதிர்வீட்டுப் பெண் வாசலுக்கே வந்துவிட்டாள். "பிராக்டீஸ் பண்ணவே இல்ல, வாடி."

"நான் வர்ல. நீ ஏமாத்துவ."

"எப்போ ஏமாத்துனேன்?"

பேத்தி என்னைப் பார்த்தாள். நான் உதவவில்லை.

"சொல்லு, எப்போ?"

"எப்பவுமே."

வந்தவள் அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்குத் தெரிந்த கடைசி வழியை எடுத்தேன். பதினேழு பி. பேத்தியைப் பார்த்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்: "இனிமே நீ அந்த வீட்டு வாசப்படி மிதிச்ச, கால ஒடிச்சிருவேன்!" அவளுக்குக் கோபம் வரட்டும், என்னை எதிர்க்கட்டும், எனக்குத் தெரியாமல் ஓடட்டும் என்றுதான் கத்தினேன்.

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "நீங்க சொல்லவே வேணாம் தாத்தா. எனக்கே புடிக்கல."

சட்டையை மாட்டிக்கொண்டு நானே எதிர்வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண்ணிடம் யாராவது ஒருத்தர் உண்மையைச் சொல்ல வேண்டும். அவளுடைய அம்மா, "வாங்க சார், வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சிறுமி தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். கேரம் போர்டு பீரோவுக்குப் பின்னால் செருகியிருந்தது.

"நீ ஏமாத்தலம்மா," என்றேன். "அவ வராததுக்குக் காரணம் வேற."

"பரவால்ல தாத்தா." தலை நிமிரவில்லை. "அவளுக்கு ஆடவே தெரியாது. ரொம்ப ஸ்லோ. நானே வேற ஆள் பாக்கலாம்னுதான் இருந்தேன்."

அம்மாவின் முகத்தில் நிம்மதி. "நான் ஒண்ணும் சொல்லல சார். இப்ப கொஞ்ச நாள் அங்க போவாத கண்ணு, விட்டுடுன்னு மெதுவாத்தான் சொன்னேன். அடம் புடிக்கவே இல்ல. அவளே புரிஞ்சிக்கினா."

அந்த அம்மாவிடம் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? அவர் பயந்தது எங்கள் வீட்டைப் பார்த்து. கொடுத்த தேநீரைக் குடித்தேன், தெருவைத் தாண்டினேன், என் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததும் மகனைப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். ஒரே தெருவில் இரண்டு குழந்தைகளை, ஒரு கீறல் விழாமல், முடித்துவிட்டாயே என்று கத்தினேன்.

அவன் எழுந்து வந்து என் தோளைத் தொட்டான்.

"மெதுவா பேசுங்கபா," என்றான், அதே குரலில். "குழந்தை பயந்துக்கப் போவுது."