என் கால்விரல்களை மிதித்தவர்கள்

ஆடத் தெரியாதவர்களோடு ஆடிப் பிழைப்பதுதான் என் தொழில்.

நம்மவர்கள் நிறையக் குடியேறியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில், சனிக்கிழமை பின்னேரங்களில் வகுப்பு. கல்யாண வீட்டில் பாட்டுப் போட்டதும் சாப்பாட்டுத் தட்டோடு மூலைக்குப் போய்விடுகிறவர்களுக்குச் சோடியாக ஆடப் பழக்குகிறேன். சல்சா கொஞ்சம், வால்ட்ஸ் கொஞ்சம். கார் ஓட்டப் பழக்குகிறவர்களே, பிள்ளைகளுக்கு வயலின் பழக்குகிறவர்களே, நீங்களும் என் கட்சிதான். உங்களுக்கு நெஞ்சும் காதும் நோகும், எனக்குக் கால்விரல்.

நாடி பார்த்தவர்

செல்வமும் மனைவி றீற்றாவும் தங்கள் கல்யாண வெள்ளிவிழாவுக்கு ஆட வேண்டுமென்று வந்தார்கள். மனைவியின் கையைப் பிடிக்கச் சொன்னேன். செல்வம் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, டொக்டர் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தார். மற்றக் கையை முதுகில் வைக்கச் சொன்னதும், சுவர் மாடத்தில் நிற்கும் அந்தோனியார் சிலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கை மட்டும் நகரவில்லை.

றீற்றா பொறுமையாகக் காத்து நின்றார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "மூண்டு பிள்ளை பெத்தாச்சு மாஸ்டர். இவருக்கு இப்பதான் வெக்கம் வருது."

வழி காட்டாத சோடி

சோடி ஆட்டத்தில் ஒருவர் வழிநடத்த வேண்டும், மற்றவர் பின்னால் போகவேண்டும். நிர்மலா பின்னால் போகமாட்டார். எந்தச் சோடியைக் கொடுத்தாலும் வளைவில் அவரையே திருப்பி, சுவரோரமாகக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். சென்னையிலிருந்து வந்த எஞ்சினியர் கார்த்திக் ஒருநாள் அவரிடம் அகப்பட்டார். பாவம், அவர் தன் காலை விட்டுக் கண்ணை எடுக்காதவர். மண்டபம் முழுக்க இழுபட்டார்.

நிர்மலாவிடம், கொஞ்சம் விட்டுக்கொடுங்கோ, அவர் கொண்டுபோகட்டும் என்றேன். நிர்மலா சிரிக்கவில்லை. "அண்ணை, நான் பஸ் ஓட்டுறனான். நாள் முழுக்க ஊரையே நான்தான் கொண்டு திரியிறன். இங்கையாவது என்னை ஆரும் கொண்டு போகட்டும் எண்டுதான் வந்தது. ஆனா இவர் ரோட்டைப் பாக்கிறார் இல்லையே."

மாறுங்கோ

ஒவ்வொரு பாட்டுக்கும் சோடி மாறவேண்டும் என்பது என் வகுப்பின் சட்டம். ஆண்கள் குறைவென்பதால் பெண்களும் பெண்களும் ஆடுவார்கள். ஒருநாள் "மாறுங்கோ" என்றேன். புதிதாகச் சேர்ந்த மேரி அக்காவுக்கு முன்னால், ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யிலிருந்து வரும் டிலானி வந்து நின்றாள். சட்டென்று மண்டபத்தில் சத்தம் அடங்கியது. அவர்கள் மாமியும் மருமகளும், பெரிய சண்டை பிடித்துப் பல மாதமாகக் கதையில்லை என்று றீற்றா என் காதுக்குள் சொன்னபோது பாட்டுத் தொடங்கிவிட்டது. மேரி அக்காவின் அடுத்த மகனுக்குக் கல்யாணமாம். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் பழக வந்திருக்கிறார்.

மேரி அக்கா ஒரு சுவரைப் பார்த்தபடி கையை நீட்டினார். டிலானி மற்றச் சுவரைப் பார்த்தபடி பிடித்தாள். அன்றைக்கு எல்லோரையும்விடத் திறமாக ஆடினது அவர்கள்தான். பாட்டு முடிந்தது. மாறச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அவர்களும் கையை விடவில்லை. கடைசியில் மேரி அக்காதான் வாய் திறந்தார்: "கை இப்பிடிக் குளிருது. வீட்டிலை ஹீட்டர் போடுறேல்லையோ, பிள்ளை?"

நான் மணமகளான கதை

யோகராசாவுக்கு ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையொன்றில் வேலை. மகள் ஒரு பிரெஞ்சுக்காரப் பொடியனைக் கட்டப்போகிறாள்; அவர்கள் வழக்கப்படி தகப்பன் மணமகளோடு ஆடவேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் வந்தார். வேறு பெண்களோடு ஆட மனிதருக்குக் கூச்சம். எனவே மகள் நான்தான். என் தொந்தியைச் சுற்றிக் கை எட்டாமல், உருளைக்கிழங்கு மூட்டையைப் புரட்டுவதுபோல என்னைப் புரட்டினார். வாய் விட்டு எண்ணினார். மிதித்த போதெல்லாம் "மன்னிச்சுக்கொள் மகள்" என்றார்.

கல்யாணம் முடிந்து கேக் பெட்டியோடு வந்தார். எப்படிப் போனதென்று கேட்டேன். பெட்டியை என் கையில் தந்தார். "பிள்ளை உங்களை மாதிரி இல்லை, மாஸ்டர். திருப்பின பக்கமெல்லாம் வந்தவள். எனக்குத்தான் இடையிலை கண் தெரியாமல் போச்சுது."

இத்தனை பேரை ஆட வைத்த எனக்குக் கல்யாண வீடுகளில் இன்னும் ஒரு சோடி அகப்படுவதில்லை. மாஸ்டர் பிழை பிடிப்பார் என்று எல்லோரும் சாப்பாட்டுப் பக்கம் ஓடிவிடுகிறார்கள்.