கரி பிடிக்காத புதுச் சட்டி

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்ந்தால் போதும். அப்படித்தான் உம்மாவுக்கும் அவவின் தங்கச்சியான சாச்சிக்கும் ஒரே வளவில் இரண்டு வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். நடுவில் பேருக்கு ஒரு வேலி. அதிலும் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் அந்தப் பொட்டுத்தான் முன்வாசல்.

ஹஜ்ஜுப் பெருநாளில் வாப்பா தன் கையாலேயே ஆட்டை அறுப்பார். முதலில் எடுக்கிற ஈரல் சாச்சிக்கு. ஈரல் வறுவல் என்றால் அவவுக்கு உயிர். உம்மா வறுக்கும்போதே சாச்சி அடுப்படியில் குந்திக்கொண்டு சட்டியிலிருந்தே எடுத்துத் தின்னுவா. பிறகு இரண்டு பேரும் மிஞ்சிய மசாலாவில் சோற்றைப் போட்டுப் பிசைந்து எங்களுக்கும் ஆளுக்கொரு பிடி தருவார்கள்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம் சாச்சியின் மாப்பிள்ளையான சாச்சா கட்டாரிலிருந்து வந்திருந்தார். எனக்கு வெளிச்சம் மின்னுகிற சப்பாத்துக் கொண்டுவந்த நல்ல மனிதர். சத்தமாகக்கூடப் பேசமாட்டார். பக்கத்துத் தெருவில் புதிதாக எழும்பிய பள்ளிவாசலுக்குத்தான் தொழப் போனார். அடக்கத்தலங்களில் கையேந்துவது பாவம் என்று சொல்கிற பள்ளிவாசல் அது. வாப்பாவோ இறைநேசர்களான வலிமார் அடக்கமாகியிருக்கும் கபுறுகளுக்குப் போவதையும் அவர்கள் பெயரில் ஆக்கும் கந்தூரிச் சோற்றையும் விடாதவர். இதெல்லாம் ஆண்கள் சந்தியில் பேசித் தீர்க்கிற விஷயம் என்றுதான் உம்மா நினைத்திருந்தா.

அந்தப் பெருநாளுக்கு சாச்சி அடுப்படிக்கு வரவில்லை. ஈரல் கோப்பையை நான்தான் கொண்டுபோனேன். சாச்சி கையை நீட்டினா.

“வாங்காத. கபுறடியில கையேந்துறவர் அறுத்தது நமக்கு ஆகா” என்றார் சாச்சா, மிக மெதுவாக.

சாச்சி நீட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டா. “சாச்சிக்கு வயிறு சரியில்லையாமெண்டு உம்மாட்டச் செல்லு மகள்.”

பின்னேரம் சாச்சா தன் குர்பான் பங்கு மாட்டிறைச்சியை வேலிக்கு மேலால் நீட்டினார். வாப்பா வாங்கவில்லை. “வலிமார இழிவாப் பேசுறவங்க அறுத்தத எண்ட புள்ளையள் தின்னாது” என்றார். ஆட்டையும் மாட்டையும் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித்தான் அறுத்தார்கள். செத்த பிராணிகளுக்குத் தாங்கள் எந்தக் கட்சியில் செத்தோம் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. அன்று ஈரலைத் தின்றது பூனை. அது எந்தப் பள்ளிவாசலுக்கும் போகாதது.

மறுநாள் ஆரையம்பதியிலிருந்து சைக்கிளில் வரும் மீன்கார ஐயாவை உம்மா மறித்துப் பெரிய கொடுவா ஒன்று வாங்கினா.

“என்னம்மா, பெருநாள் இறைச்சி முடிஞ்சுதா?”

“இறைச்சி கெடக்கு ஐயா. திங்கத்தான் ஆளில்ல.”

உம்மா வேலியடியில் போய்ச் சாச்சியைக் கூப்பிட்டா. மீனுக்கு அறுப்பு இல்லை. யார் பிடித்தாலும் ஹலால். கோயிலுக்குப் போய் நீறு பூசிக்கொண்டு வருகிற ஐயா பிடித்தது இரண்டு வீட்டுக்கும் ஆகும்.

“ஓம் ராத்தா! மீனுக்குக் கழுத்தும் இல்ல, கத்தியும் இல்ல. நான் வாறன்” என்றா சாச்சி. இரண்டு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

மத்தியானம் சாச்சி பொட்டுக்குள் ஒரு காலை வைத்துவிட்டா. பின்னாலிருந்து சாச்சாவின் குரல் வந்தது. “மீன் சரி. எந்தச் சட்டில ஆக்கினது?”

வீட்டில் இருந்தது ஒரே கறிச்சட்டி. முதல் நாள் ஈரல் வறுத்ததும் அதில்தான். அது சாச்சிக்கும் தெரியும். அவ உம்மாவின் முகத்தைப் பார்த்தா. பிறகு வைத்த காலை எடுத்துக்கொண்டா. உம்மா கறியை இறக்காமல் அடுப்பின் முன்னால் அப்படியே இருந்தா. கறி அடிப்பிடித்துக் கருகியது.

பெருநாள் முடிந்த கையோடு உம்மா மீன்கார ஐயாவிடம் சொல்லிப் புது மண்சட்டி ஒன்று எடுப்பித்தா. இறைச்சி படாத சட்டி, மீனுக்கு மட்டும். அதை வேலிக்கு மேலால் தூக்கிக் காட்டினா.

“வடிவான சட்டி ராத்தா. அவருட்டக் கேட்டுப்போட்டு வாறன்.”

சட்டி அடுப்படி மூலையில் உறியில் ஏறியது. உம்மா கண்மூடி மௌத்தாகும்வரை அதன் அடியில் கரி படியவில்லை. எங்கள் வீட்டிலேயே கவலை மிகுந்த பொருள் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அப்போது எனக்கு அது சும்மா கிடக்கிற சட்டி. ஒருநாள் ரோசாத் தடி நடுவதற்காக உறியிலிருந்து இறக்கினேன். உம்மா ஓடிவந்து பறித்தா.

“வையடி அத! சாச்சி வருவா.”

சாச்சி அந்த நேரம் வேலிக்கு அப்பால் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றா. எனக்கு அவவின் வளையல் சத்தம்கூடக் கேட்டது. இவ்வளவு பக்கத்தில் நிற்கிற ஆளுக்காக ஏன் காத்திருக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.