தறி ஓடினால்தான் தூக்கம்

குழந்தை மூன்றாவது முறையாக வீறிட்டு அழுதது. டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். சோமனூர் பக்கம் ஒரு விசைத்தறிக்காரர் வீடு. அன்று ஒரு நாள்தான் எங்களுக்குக் கிடைத்திருந்தது. மாலைக்குள் அந்தக் காட்சியின் பேச்சு ஒழுங்காகப் பதிவாகாவிட்டால், நடித்த பெண்ணின் குரல் படத்திலிருந்து போய்விடும்.

1. கரகரத்த குரல்

என் ஸ்டுடியோ கணபதி என்கிற பகுதியில், இரண்டு லேத் பட்டறைகளுக்கு நடுவில் இருக்கிறது. பட்டறைக்காரர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில்தான் நான் ரெக்கார்டிங் செய்ய முடியும். ஆகவே, என் மதியச் சாப்பாடு எப்போதும் ஆறிப்போனதுதான். சீரியல்களுக்கும் குறும்படங்களுக்கும் எஃபெக்ட்ஸ் செய்வது தொழில். கொலுசு, கதவு, சேலைச் சரசரப்பு, எல்லாம் கைவசம் உண்டு. தோசை ஊற்றும் சத்தத்துக்கு நிஜத் தோசையே வேண்டாம். சூடான கல்லில் தண்ணீர் தெளித்தால் மைக்குக்கு அதுதான் பிடிக்கும்.

இந்தப் படத்துக்கு டைரக்டர் லைவ் சவுண்ட் கேட்டார். நடிக்கும்போதே பேச்சையும் பதிவு செய்துவிடுவது. பணம் போட்டவர் பெருந்துறையில் நூல் மில் வைத்திருக்கும் முதலாளி. அவருக்கு அரை மனது.

"ஏனுங்க அம்மணி, அந்தப் புள்ள நல்லாத்தான் நடிக்குது. கொரலு மட்டும் கொஞ்சம் கரகரன்னு இருக்குதுங்க. சென்னைல டப்பிங்குக்கு ஆளு நெறையக் கெடைக்கும். அந்த ஊட்டு சீன் தெளிவா வந்தா நீங்க பதிவு பண்ணுனதையே வெச்சுக்கலாம். இல்லீன்னா மாத்திப்போடலாமுங்க."

இத்தனை 'ங்க' போட்டுக் கழுத்தை அறுக்க எங்கள் ஊர் முதலாளிகளால்தான் முடியும்.

அந்தப் பெண் கவிதா. மேட்டுப்பாளையத்தில் ஒரு பாக்கு மண்டியில் பில் போடும் வேலை, விடுமுறை நாட்களில் நாடகம். முதல் படம். விஷயம் தெரிந்ததும் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மண்டீல எல்லாருகிட்டயும் சொல்லிப்போட்டனுங்க. மூஞ்சி என்னுது, கொரலு வேற ஆளுதுன்னா நான் எப்பிடீங்க அங்க போயி நிப்பேன்?"

எனக்கு அந்தக் கரகரப்புத்தான் ரொம்பப் பிடித்திருந்தது. "நான் பாத்துக்கறேன் கண்ணு" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். என் வாய் எப்போதும் அப்படித்தான், என்னைக் கேட்காமலே பேசிவிடும்.

2. தெருவே நின்றது

காட்சி இதுதான். குழந்தை தொட்டிலில் தூங்குகிறது. நாளையிலிருந்து தானும் வேலைக்குப் போகப்போவதாகக் கவிதா புருஷனிடம் சொல்கிறாள். 'குழந்தை விழிக்காதபடி கிசுகிசுப்பாக' என்று டைரக்டர் எழுதியிருந்தார். கிசுகிசுப்பைப் பதிவு செய்யச் சுற்றிலும் அமைதி வேண்டும். வீடு வீடாகப் போய்த் தறியை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, தெரு முழுக்க நிறுத்திவிட்டார்கள்.

முதல் டேக். கவிதா வாயைத் திறந்ததும் ஜன்னலில் ஒரு தலை.

"ஏனுங்க, நாங்க நிறுத்திப்போட்டமுங்க. இப்பப் பரவால்லீங்களா?"

இரண்டாவது டேக்கில் பெரியவர் ஒருவர் தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பதறி ஓடி வந்தார். "யாரு ஊட்லீங்க? எப்பங்க ஆச்சு?" சாவு விழுந்தால்தான் அந்தத் தெருவில் எல்லாத் தறியும் ஒன்றாக நிற்குமாம். கேமராவைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டு, வந்ததற்கு ஷூட்டிங்காவது பார்ப்போம் என்று உட்கார்ந்துகொண்டார்.

இவர்களைக்கூடச் சமாளித்துவிடலாம். தறி நின்ற சில நிமிடங்களிலேயே தொட்டிலில் சிணுங்கல் ஆரம்பித்துவிடுகிறது. மூன்று முறையும் அப்படியே. "வவுறு நெறைஞ்சுதானுங்க இருக்குது, இத்தன ஆளைக் கண்டு மெரளுதாட்டமிருக்குது" என்றாள் அந்த வீட்டுக்காரி, குழந்தையின் அம்மா பூங்கொடி. கவிதா மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

3. அழுகை நின்ற இடம்

சாப்பாட்டுக்கு விட்டோம். அவர்கள் பிழைப்பை எவ்வளவு நேரம் கெடுப்பது? தறியை ஓட்டச் சொன்னேன். எதிர் வரிசையில் தறிகள் தடதடவென்று கிளம்பின. குழந்தையின் அழுகை பாதியில் நின்றது. கொட்டாவி விட்டது. தூங்கிவிட்டது.

பூங்கொடி வாயில் கை வைத்துச் சிரித்தாள். "அட ஆமாங்க! கரண்டு போனாலும் இப்பிடித்தானுங்க எந்திருச்சுக்கும்!"

டைரக்டரிடம் போனேன். "தறி ஓடட்டும். இப்பவே எடுக்கலாம்."

"அக்கா, சீனே கிசுகிசுப்புதானே?"

"தறிக்காரங்க ஊட்ல எவ கிசுகிசுன்னு பேசுவா கண்ணு? அப்பிடிப் பேசுனா புருசனுக்கு எப்பிடிக் கேக்கும்?"

அவர் என்னைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார், சரி என்றார். இந்த வீட்டின் தறியை மட்டும் நிறுத்தினோம். தெருப்பக்கக் கதவைச் சாத்தி, தெருச் சத்தம் கொஞ்சம் அமுங்க உள்ளே நூல் மூட்டைகளை அடுக்கினேன். கவிதாவின் சேலை மடிப்புக்குள் காலர் மைக்கைச் செருகி, "தறிக்கு மேல பேசு" என்றேன்.

பேசினாள். தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் நின்று, குரலை உயர்த்தி, "நாளைக்கிருந்து நானும் வேலைக்குப் போறனுங்க. கொழந்தைய நீங்க பாத்துக்கோங்க" என்றாள். குழந்தை அசையவில்லை. ஹெட்போனில் அந்தக் கரகரப்பு தறிச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஒரே டேக்.

ஷூட்டிங் முடிந்ததும் தறிச் சத்தத்தை மட்டும் நீளமாகத் தனியே பதிவு செய்தேன். எடிட்டிங்கில் வெட்டும் இடங்களில் பின்னணிச் சத்தம் எகிறாமல் இருக்க அதை அடியில் ஓடவிட வேண்டும். இதை மறந்தால் எடிட்டர் உங்கள் வம்சத்தையே திட்டுவார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். லொகேஷனில் 'சைலன்ஸ்' என்று கத்துவதற்கு முன்னால், அந்த வீட்டில் இருப்பவர்கள் எந்தச் சத்தத்தில் தூங்குகிறார்கள் என்று கேளுங்கள்.

4. முதலாளி கேட்டது

மிக்ஸிங் முடிந்து முதலாளி ஸ்டுடியோவுக்கு வந்தார். கவிதா பின்னால், துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு. காட்சி ஓடி முடிந்தது. அவர் திரும்பினார்.

"டப்பிங்கு அருமைங்க அம்மணி. அப்பிடியே நம்மூருப் புள்ளையாட்டப் பேசுது. சென்னைல எங்க புடிச்சீங்க?"

"சென்னைல இல்லீங்க. மேட்டுப்பாளையத்துப் பாக்கு மண்டீல."

அவர் விழித்தார். பின்னாலிருந்து, "நான்தானுங்க" என்றது அதே கரகரத்த குரல்.

முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். பிறகு தன் நாற்காலியைக் கவிதாவின் பக்கம் நகர்த்தி, "நீ முன்னால வந்து உக்காரு கண்ணு" என்றார். என்னிடம், "இன்னொருக்காப் போடுங்க" என்றார்.

போட்டேன்.