சாக்குக்குள் ஐந்து நாள்

2011 மார்ச் 14, திங்கட்கிழமை, காலை ஒன்பதே கால். இரவு பெய்த மழை நின்று சுள்ளென்று வெயில். செமாபோக்கில் எங்கள் அடுக்குமாடியின் கீழே யாரோ கண்ணாடித் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பாசி வாடை. முப்பத்திரண்டு படிகளில் பதினாறாவதில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் மூட்டுவலி என்று சொல்லிவைத்தேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

1957-இல் காஜா பெராங்கில் எங்கள் வாடகை வீட்டு அறைக்கு ஒரே ஜன்னல். அதன் கீழே என் மனைவி கமலத்தின் கட்டில். கால்மாட்டில் மீன் தொட்டி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். நுரையீரல் நோயில் அவள் படுத்துப் பதினான்கு மாதம். ஜன்னலை மூடவே கூடாது என்றார் டாக்டர். அவளுக்கு நல்லதென்று விட்ட வெயில் பாசிக்கும் நல்லதாகப் போயிற்று.

முதலில் கண்ணாடியில் பச்சைப் படலம். பிறகு நாடா போன்ற நீர்ச்செடிகளில் பச்சை மயிர். நான் ரப்பர் தோட்டத்து ஆபீஸில் ஆள் பேர் பதிந்து கணக்கெழுதும் கிராணி, நாளெல்லாம் ரப்பர் பால் வாளி எண்ணுகிறவன். இலைகளை விடுவேனா? நாற்பத்தொன்று, பாசி பிடிக்காதவை ஆறு. பிளேடால் சுரண்டினேன், தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றினேன், தீனியைக் குறைத்தேன். நாலாம் நாள் மறுபடி பச்சை. உள்ளே இருந்த ஆறு வாள்வால் மீன்களில் ஒன்று சினை. அது குஞ்சு போடுவதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மாதங்களில் கமலம் வேறொன்றும் கேட்கவில்லை.

கம்போங் செட்டியில் மீன் வளர்த்த பெரியவர் ஒருவர் இருந்தார். நாங்கள் கும்பிடும் சாமிதான் அவருக்கும், பேச்சு மட்டும் மலாய். தொட்டியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "லிமா ஹாரி துத்துப், தம்பி. ஜாங்ஙான் புக்கா," என்றார். ஐந்து நாள் மூடு, திறக்காதே. இருட்டில் பாசி செத்துவிடும், செடி தாங்கும்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. தெருவில் காகிதக் கொடிகள் மழையில் சாயம் போய்த் தொங்கின. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தொட்டியைச் சாக்கால் போர்த்திக் கயிறு கட்டினேன். சனிக்கிழமை எட்டு மணிக்குத் திறக்க வேண்டும்.

செவ்வாயன்று கமலம் சாக்கை ஒரு நிமிஷம் தூக்கிக் காட்டச் சொன்னாள். மறுத்தேன். புதன்கிழமையும் கேட்டாள், ஐந்து நாள் கணக்கை விளக்கினேன். வியாழக்கிழமை நான் வேலைக்குப் புறப்படும்போது இருமலுக்கு நடுவே சிரித்தாள்.

"ஒரு நிமிஷந்தாங்க. அதுக்குள்ள பாசிக்கு உசுரு வந்துருமா?"

"இன்னும் ரெண்டு நாளுதான், கமலம். சனிக்கிழம நீயே பாரு."

"பெரிய கிராணி. மீனுக்கும் பேரு பதியிறாரு," என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று பிற்பகல் மூன்று நாற்பதுக்குப் போய்விட்டாள். பக்கத்து வீட்டுக்காரி ஆள் அனுப்பி, நான் பஸ் பிடித்து வந்து சேர ஐந்தரை.

வெள்ளிக்கிழமை தகனம். சனிக்கிழமை சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்த பிறகுதான் சாக்கு கண்ணில் பட்டது. அவிழ்த்தேன். கண்ணாடி தெளிந்திருந்தது. இலைகளில் இருந்த மயிர் வெளுத்து உதிர்ந்திருந்தது. செடிகளுக்கு நடுவே குஞ்சுகள், ஊசிமுனை அளவு. பதினேழு. இரண்டு முறை எண்ணினேன்.

அந்த வீடு இன்று கார் நிறுத்தும் இடம். பெரியவர் இல்லை. கட்டில் இல்லை, ஜன்னல் இல்லை, தொட்டி யாரிடம் போயிற்றோ தெரியாது. சாக்கு முப்பது காசு, கயிறு ஐந்து காசு. அவள் கேட்டதைக் கூட்டினால் மூன்று நிமிடம்.