வில்மர் டீட்ஸைத் தோளில் தூக்கிய சனிக்கிழமை

கார்ஸ்வெல் ஊரில் அறுபதைத் தாண்டிய ஆண்பிள்ளை எவனைக் கேட்டாலும், 1978 நவம்பரில் வில்மர் டீட்ஸைத் தோளில் தூக்கியவர்களில் தானும் ஒருவன் என்பான். இடது தொடையைத் தாங்கினேன் என்பான் ஒருவன், இடுப்பைப் பிடித்தேன் என்பான் இன்னொருவன். அத்தனை பேர் சொல்வதும் மெய் என்றால் வில்மருக்கு அன்று நாற்பது கால்கள் இருந்திருக்க வேண்டும்.

வில்மர் மட்டும் அந்தப் பேச்சைத் தானாக எடுத்ததே இல்லை. யாராவது எடுத்தால் சிரிப்பான்.

அவன் கோதுமைப் பண்ணைக்காரரின் இரண்டாவது மகன். கான்சஸில் காற்று ஓய்கிற நாள் கிடையாது. அந்தக் காற்றில்தான் பன்னிரண்டு வயதிலிருந்து டிராக்டர் கொட்டகைக்கு மேலாகப் பந்தை உதைத்துப் பழகினான். கூரையைத் தாண்டினால் ஒரு கணக்கு, தகரத்தில் பட்டால் அம்மா ஆல்மாவிடம் திட்டு. அப்பா ரைன்ஹோல்ட் அதிகம் பேசாதவர். ஒருநாள் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று, பந்து எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு வந்து, "இன்னும் பத்தடி தள்ளி நின்னு ஒதை" என்றார். அதுதான் அவர் கொடுத்த ஆசீர்வாதம்.

கார்ஸ்வெல் கல்லூரி தன் அமெரிக்கக் கால்பந்து அணிக்காக அவனைப் படிப்புச் செலவு ஏற்றுச் சேர்த்துக்கொண்டது. அணியில் மற்றவர்கள் எல்லாம் எருமைக்கடா மாதிரி மோதிக்கொள்ளும்போது இவன் மைதான ஓரத்தில் தனியாக நின்று உதைத்துக்கொண்டிருப்பான். ஆட்டத்துக்கு மூன்று முறையோ நான்கு முறையோ உள்ளே கூப்பிடுவார்கள். பந்து இரண்டு மஞ்சள் கம்பங்களுக்கும் நடுவே போனால் முதுகில் ஒரு தட்டு. போகாவிட்டால் அன்று சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அவனுக்கு அது பிடித்திருந்தது. தன் வேலை தன் காலோடு முடிகிறது என்பதில் ஒரு நிம்மதி. மூன்றாவது வருஷக் கடைசியில் தொழில்முறை அணி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த மார்ச்சில் வந்து உதைத்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். ஆல்மா அந்தக் கடிதத்தை பைபிளுக்குள் வைத்தாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரியிடம் கார்ஸ்வெல் பத்தொன்பது வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. அந்தச் சனிக்கிழமையும் தோற்பதற்காகத்தான் ஜனங்கள் வந்திருந்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் கடைசி மூன்று விநாடி மிச்சமிருக்கையில் எதிரணி பதின்மூன்று, கார்ஸ்வெல் பன்னிரண்டு. உதை போனால் மூன்று புள்ளி, வெற்றி. தூரம் நாற்பத்து நான்கு கெஜம், முகத்துக்கு நேரே காற்று.

கோச் அவன் தலைக்கவசத்தைப் பிடித்து இழுத்து, "யோசிக்காதடா. உங்கப்பன் கொட்டகைன்னு நெனச்சுக்கோ" என்றார்.

வில்மர் குனிந்து ஷூவை இன்னொரு முறை இறுக்கினான். மூக்கு மொட்டையான, உதைப்பதற்கென்றே செய்த ஷூ. நழுவாமலிருக்க நாடாவைப் பாதத்தோடு இரண்டு சுற்று, கணுக்காலோடு இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போடுவான். பிறகு நான்கு எட்டு வைத்து உதைத்தான். பந்து இடது கம்பத்தை ஒட்டி, போவதா வேண்டாமா என்று தள்ளாடி, உள்ளே போனது.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் ஊர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. மரப் பலகை இருக்கைகள் காலியாகின. வேலி சாய்ந்தது. ஆறாயிரம் பேரில் பாதிக்கு மேல் மைதானத்துக்குள் இறங்கி ஓடிவந்தார்கள். வில்மருக்கு முதலில் சிரிப்பு வந்தது. தன்னை நோக்கி இத்தனை பேர் ஓடிவந்து அவன் பார்த்ததில்லை. அடுத்த மூச்சில் அவன் கால் தரையில் இல்லை. தோள்களுக்கு மேல் போய்விட்டான்.

"டீட்ஸ்! டீட்ஸ்! டீட்ஸ்!"

கூட்டம் அவனைக் கம்பத்தின் பக்கம் தூக்கிக்கொண்டு போனது. அப்போதுதான் பின்னாலிருந்து யாரோ அவன் வலது ஷூவைப் பிடித்தார்கள். ஞாபகத்துக்கு வேண்டும் போல. கூட்டம் முன்னால் இழுக்க, அந்தக் கை பின்னால் இழுத்தது. நாடா நான்கு சுற்று, ஷூ கழலவில்லை. அந்தக் கை முறுக்கியது.

"விடுங்கடா! காலு! காலுடா!"

அவன் கத்தினது அவனுக்கே கேட்கவில்லை. முட்டிக்குள் பச்சைக் கிளை ஒடிகிற மாதிரி ஒன்று நடந்தது. சத்தமாக அல்ல, உணர்வாக. பிறகு ஷூ கழன்றது. அந்த நேரத்தில்தான் ஊர்ப் பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அகலத் திறந்து, கண்ணில் நீரோடு வில்மர். மறுநாள் முதல் பக்கத்தில் 'ஆனந்தம்' என்று போட்டார்கள்.

கம்பத்தடியில் அவனை இறக்கிவிட்டு எல்லாரும் கம்பத்தின்மேல் ஏறினார்கள். பெரிய வெற்றி என்றால் அங்கே செய்கிற வழக்கப்படி அதைச் சாய்த்துப் பிடுங்கி ஓடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாட்டு தூரத்தில் தேய்ந்தது. மைதானத்தில் காகிதக் கோப்பைகளும் ஒற்றைக் கையுறைகளும் வில்மரும் கிடந்தார்கள். சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் ஆர்லோ கூடையோடு வந்தார்.

"என்னடா இங்க கெடக்கே? எல்லாரும் அங்க போயிட்டாங்க."

"எந்திரிக்க முடியல ஆர்லோ."

கிழவர் காலுறையோடு இருந்த வலது காலைப் பார்த்தார். "ஷூ எங்க? அது கல்லூரிக் கணக்குடா." அப்புறம்தான் அந்தக் கால் திரும்பியிருந்த பக்கத்தைப் பார்த்தார். கூடையைக் கீழே வைத்துவிட்டு ஓடினார்.

இரண்டு அறுவை சிகிச்சை. அந்தக் காலத்தில் முட்டிக்குச் செய்யத் தெரிந்தது அவ்வளவுதான். மார்ச் வந்தது, போனது. ஆட்டத்தில் அடிபட்டது என்று கல்லூரி எழுதிக்கொண்டது. வில்மர் மறுக்கவில்லை. மருத்துவமனைக்கு ஆள் ஆளாக வந்து, "என் வாழ்நாள்ல இப்படி ஒரு நாள் பார்த்ததில்லைடா" என்று கண்கலங்கிக் கையைப் பிடித்துக்கொள்ளும்போது, 'நீங்கதாண்டா ஒடைச்சீங்க' என்று எப்படிச் சொல்வது? அப்பாவிடம் மட்டும் சொன்னான். ரைன்ஹோல்ட், "யாரு இழுத்தது?" என்று கேட்டார்.

"தெரியலப்பா."

"தெரியாம இருக்கறதே நல்லது" என்றார்.

ஆனால் தெரிந்துவிட்டது. ராய்ஸ் ஹப்பர்ட் என்று ஒரு மாணவன். படிப்பை முடித்து, பெரிய தெருவில் மதுக்கடை திறந்தான். கடைச் சுவரில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் அந்த ஷூ. மேலே அந்தப் படம். வில்மர் முதல்முறை உள்ளே போய் அதைப் பார்த்தபோது ராய்ஸ் மேசையைத் தாண்டி ஓடிவந்து கட்டிக்கொண்டான். "இந்தக் கடையில நீ எப்ப வந்தாலும் சாப்பாடு என்னோடது. செத்தாலும் உன்கிட்ட காசு வாங்க மாட்டேன்." சொன்னபடி நடந்துகொண்டான். ராய்ஸ் கெட்டவன் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பண்ணை அண்ணனுக்குப் போனது. மடக்க முடியாத காலோடு டிராக்டர் ஓட்ட முடியாது. வில்மருக்குத் தானியக் கிடங்கில் லாரி எடை போடும் அறையில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்தது. அறுவடை மாதத்தில் ஒரு நாளைக்கு நூறு லாரி வரும். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து ஓட்டுநர் கேட்பார், "டீட்ஸ்தானே? அன்னிக்கு உன் இடது காலு என் தோள்மேலதாம்ப்பா இருந்துச்சு."

"அப்படியா? நல்லாத் தாங்கினீங்க" என்பான் வில்மர்.

அதே கிடங்கில் வேலை பார்த்த ஜோலீனைக் கல்யாணம் செய்துகொண்டான். அவள் வேறு மாவட்டத்துக்காரி, அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவளுக்குப் பெருமை எதுவும் இல்லை. நடந்ததைக் கல்யாணமான மூன்றாம் மாதம் அவளிடம் சொன்னான். அன்றிலிருந்து ராய்ஸ் கடைப் பக்கம் அவள் போகவில்லை. மழை வருமுன் அவன் முட்டியைத் தேய்த்துவிடும்போதெல்லாம், "ஒரே ஒரு தடவை சொல்லிப் பாரேன். அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்" என்பாள்.

"சொல்லி என்ன ஆகப் போவுது? அவங்களுக்கு இருக்கறது அந்த ஒரு நாள்தான்."

"உனக்கு?"



வெற்றியின் இருபத்தைந்தாவது வருஷம் கல்லூரியில் மதிய விருந்து வைத்தார்கள். முந்நூறு பேர். ஆளுக்கொரு தட்டில் மாட்டிறைச்சி, மக்காச்சோளம், பச்சை பீன்ஸ். மேடையில் துணி விரித்து, கடையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடிப் பெட்டி. ராய்ஸ் மைக்கைப் பிடித்தான். தலை வழுக்கை விழுந்து, தொப்பை வைத்து, சந்தோஷமான ஆளாக இருந்தான்.

"இந்த ஷூ கழண்டு வர்றதுக்கு நான் பட்ட பாடு இருக்கே! இழுக்கறேன், வரல. முறுக்கறேன், வரல. காலையும் சேர்த்துப் பிடுங்கிட்டேனோன்னு பயந்துட்டேன்!"

மண்டபம் அதிர்ந்தது. ஜோலீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். வில்மரைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தாள்.

மைக் வில்மர் கைக்கு வந்தது. நன்றி சொல்வதற்காக எழுந்தவன்தான். சட்டைப் பையில் நான்கு வரி எழுதிக் கொண்டுவந்திருந்தான். அதை எடுக்கவில்லை.

"ராய்ஸ் சொன்னது நெசம்" என்றான். "காலையும் சேர்த்துத்தான் பிடுங்கினான். என் முட்டி ஆட்டத்துல போகல. அப்புறம், உங்க தோள்மேல இருக்கும்போது போச்சு. அந்தப் படத்துல நான் சிரிக்கல. வலியில கத்தறேன். எறக்கி விடுங்கடான்னு கத்தறேன்."

முந்நூறு முகங்களும் அவனைப் பார்த்தன. முதன்முறையாகப் பார்க்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. பின்வரிசையில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பக்கத்து மேசை சேர்ந்துகொண்டது. பிறகு மண்டபமே சிரித்தது. "அடப்பாவி டீட்ஸ்! கல்லு மாதிரி மூஞ்ச வச்சுக்கிட்டு!" என்று மேசையைத் தட்டினார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள். இவ்வளவு நகைச்சுவை இவனிடம் இருந்ததா என்று ஆச்சரியப்பட்டார்கள். வில்மர் மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான்.

வெளியே, காரை நெருங்கும்போது ராய்ஸ் பின்னாலேயே வந்தான். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். அவன் ஒருவன் மட்டும் சிரித்திருக்கவில்லை.

"வில்... உள்ள சொன்னது... ஜோக்குதானே?"

ஜோலீன் காருக்குள் கண்ணாடியை இறக்கியிருந்தாள். வில்மர் ராய்ஸின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் இருபத்தைந்து வருஷம் இடிந்து விழக் காத்துக்கொண்டிருந்தது. ஒரு சொல் போதும். அந்தச் சொல் வாய்வரைக்கும் வந்தது.

"ஜோக்குதாண்டா" என்றான்.

ராய்ஸ் அவனைக் கட்டிக்கொண்டான். தோளில் முகம் வைத்து அழுதான். "கொஞ்ச நேரம் கொன்னுட்டியேடா" என்றான்.

வீட்டு வாசலில் கார் நின்றதும் ஜோலீன் இறங்காமலே சொன்னாள், "அவனே கேட்டான் வில். அவனே வந்து கேட்டான்."

"அவன் மூஞ்சியப் பாத்தியா?"

"பாத்தேன். உன் மூஞ்சிய இருபது வருஷமாப் பாக்கறேன்."

அதற்குப் பிறகு அந்தக் கதை இன்னும் நீண்டுபோனது. தோளில் தூக்கியதைச் சொல்பவர்கள், விருந்தில் வில்மர் அடித்த ஜோக்கையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். அவன் குரலிலேயே சொல்லிக் காட்டினார்கள்: "எறக்கி விடுங்கடான்னு கத்தறேன்!" லாரி ஓட்டுநர்கள் எடை அறை ஜன்னலில் தலையை நீட்டி அதையே கத்திவிட்டுப் போனார்கள். இனி அவன் யாரிடம் என்ன சொன்னாலும் அந்தச் சிரிப்புதான் பதிலாக வரும்.

மூன்று வருஷம் கழித்து ஜோலீன் விச்சிட்டாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். சண்டை ஒன்றும் இல்லை. துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள், "நொண்டற காலோட நான் காலம் பூரா இருந்திருப்பேன். நீ அவங்களப் பாத்துச் சிரிக்கிறியே, அதோடதான் இருக்க முடியல." அவன் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்துக் கொடுத்தான். கிறிஸ்துமஸுக்குக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். பிறகு அதுவும் அட்டையில் கையெழுத்தாகச் சுருங்கியது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் முட்டி ஒரேயடியாக மறுத்துவிட்டது. சலைனா ஊரில் முட்டி மாற்றுகிற மருத்துவரிடம் அனுப்பினார்கள். இளம் பெண். கடற்கரை மாநிலத்திலிருந்து வந்தவள், கார்ஸ்வெல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்து நெற்றியைச் சுருக்கினாள்.

"இது தானா தேஞ்சது இல்ல சார். யாரோ பிடிச்சு முறுக்கின மாதிரி இருக்கு. எப்படி ஆச்சு?"

அறையில் வேறு யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. அவளுக்கு நேரம் இருந்தது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சொன்னால் நம்புவாள், சிரிக்க மாட்டாள் என்பது வில்மருக்குத் தெரிந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தேடினான். ஆரம்பம் எதுவும் கைக்கு அகப்படவில்லை.

"டிராக்டர்ல இருந்து விழுந்துட்டேம்மா" என்றான். "சின்ன வயசுல."

"பண்ணைக்காரங்க நெறைய பேர் இப்படித்தான் வர்றாங்க" என்று அவள் எழுதிக்கொண்டாள்.