கடல் புகுந்த ஊரில் மச்சானைத் தேடிப் போனேன்

என் மச்சான் காதர் இறந்துவிட்டார் என்றே நான் நினைத்தேன். அதைத் தங்கையிடம் சொல்லத்தான் துணிவில்லை.

நான் வடகரைக்காரன். மஸ்கட்டில் லாரி ஓட்டுகிறேன். தங்கை பாத்திமாவின் கணவர் காதர், பாலைவனத்துக்கு அப்பால் கடலோரத்தில் ஒரு சிறிய ஊரில் கட்டட வேலையில் இருந்தார். போன வருடம் அடித்த புயலில், அவர்கள் தங்கியிருந்த கேம்புக்குள் கடல் புகுந்துவிட்டது. போன் எடுக்கவில்லை. சாலையும் அடித்துப் போய்விட்டது.

ஊரிலிருந்து பாத்திமா போனில் அழுதாள். “அண்ணே, உசுரோட இருக்காவளா இல்லியான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. வாப்பா எங்கன்னு பிள்ள கேக்குறா. நான் என்னத்தச் சொல்லுவேன்?”

மருந்தும் தண்ணீரும் ஏற்றிப்போன சின்ன விமானத்தில், கெஞ்சி ஓர் இடம் வாங்கினேன். வழியெல்லாம் அது காற்றில் தூக்கித் தூக்கிப் போட்டது. கீழே பார்த்தேன். வீடுகளின் தகரங்கள் சேற்றில் ஒட்டிக் கிடந்தன. இறங்கப்போன விமானி, காற்றுக்குப் பயந்து மறுபடி மேலே ஏற்றினார். ‘யா அல்லாஹ், உயிரோடு கொடு’ என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. ‘எப்படியாவது அவரை என் கண்ணில் காட்டிவிடு’ என்று மட்டும் கதறினேன்.

இறங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதலில் பிணவறைக்குத்தான் கூட்டிப் போனார்கள். ஒரு துணியை விலக்கினார்கள். மச்சான் இல்லை. அடுத்ததை விலக்கினார்கள். அது சுடலை. மச்சானோடு ஒரே அறையில் இருந்த ராயகிரிக்காரன். நானும் மச்சானும் வீடியோ காலில் பேசும்போது இடையே தலையை நீட்டி, “அண்ணாச்சி, சாப்ட்டாச்சா?” என்று கேட்பான். அதுவரை அவன் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. நான்தான் பெயர் சொன்னேன்.

அங்கிருந்த மலையாளி நர்ஸ், “வார்டுல ஒருத்தர் இருக்காரு. பேசவே மாட்டேங்கிறாரு. வந்து பாருங்க” என்றார்.

முகம் வீங்கி அடையாளமே தெரியவில்லை. ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. காதருகே குனிந்து, “மச்சான், ரஹீம் வந்திருக்கேன்” என்றேன். கண் திறந்தது.

“சுடலை எங்க மச்சான்? என்னத் தண்ணித் தொட்டிமேல தள்ளி ஏத்திட்டு, அவன் ஏறவே இல்லியே” என்றார் மச்சான்.

அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். எதற்காக அழுதேன் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஊருக்கு வந்ததும் மச்சான் ஊன்றுகோலோடு முதலில் ராயகிரிக்குத்தான் போக வேண்டும் என்றார். சுடலையின் அம்மா வாசலுக்கு வந்து அவர் கன்னத்தைத் தடவினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ மட்டும் போவலன்னா எம்புள்ள அனாதப் பொணமால்லா போயிருப்பான், ஐயா” என்றாள்.

அவளும் தன் சாமியிடம் கேட்டிருப்பாளே! என் மச்சான் வந்தார், அவள் மகன் வரவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் பள்ளிவாசல் போய்வந்த நான் இப்போது ஒரு வேளைத் தொழுகையையும் விடுவதில்லை. அந்தத் தாய்க்காகவும் கையேந்துகிறேன்.

நம்பிக்கை அற்றுப்போனவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு ஒன்றே சொல்வேன். கேளுங்கள். நம்பிக் கேட்க முடியாவிட்டால் அழுதாவது கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன். அல்ஹம்துலில்லாஹ், என் தங்கை வீட்டில் இன்று வாப்பாவும் மகளும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள்.